தாளில் இல்லாத வாய்க்கால்

என் மணிக்கட்டில் ஒரு பச்சைக் காகிதப் பட்டை ஒட்டிக்கொண்டிருக்கிறது. இழுத்தால் கிழியவில்லை, தண்ணீரில் காட்டினால் கழலவில்லை. நேற்று மகனும் மருமகளும் பேத்தியும் என்னைக் காரில் ஏற்றி, ஷார்ஜாவிலிருந்து இரண்டு மணி நேரம் கூட்டிப் போய், நீரும் நானும் அளந்து வரைந்து கொடுத்த அந்த மலை ஊரைக் காட்டினார்கள். இந்தப் பட்டை இல்லாமல் உள்ளே போகக்கூடாதாம். வாசலில் நின்ற பிலிப்பைன்ஸ் பெண் என் கையைப் பிடித்து ஒட்டிவிட்டு, "வெல்கம் டு அவர் ஹிஸ்டாரிக் வில்லேஜ், சார்" என்றாள்.

ஹிஸ்டாரிக்! அந்த ஊரின் ஒவ்வொரு சுவரையும், ஒவ்வொரு புகைபோக்கியையும் டிரேசிங் தாளில் மையால் போட்டவன் நான். எழுபதுகளின் நடுவில், துபாய் தேராவில் மீன் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு இன்ஜினியரிங் ஆபீசில், மூன்றாவது மேஜையில் உட்கார்ந்து போட்டேன். பழைய ஊராம். அமைதியான மலைக் கிராமமாம். அமைதியாகத்தான் இருக்கும், அங்கே ஒரு மனுஷனும் குடியிருந்ததில்லையே!

நீர் இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பீர். எனக்குச் சிரிப்பு வரவில்லை, பற்றிக்கொண்டு வந்தது. அங்கேயே கத்திவிட்டேன். மகன் "விடுங்கப்பா, எல்லாரும் பாக்குறாங்க" என்று என்னை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனான். யாரிடம் சொல்ல? போன வருஷம் கடையநல்லூரில் உம்மை அடக்கம் செய்தாயிற்று. அது தெரிந்தும் உமக்கே எழுதுகிறேன். இதைப் படித்தால் புரிந்துகொள்ளக்கூடிய வேறு ஆள் இந்த உலகத்தில் இல்லை.

நீர் சர்வேயர், நான் டிராப்ட்ஸ்மேன். நீர் வெயிலில் நின்று அளந்து வருவீர், நான் ஏசி அறையில் அதைக் கோடாக்குவேன். ஆபீசில் நம்மை ஒரே பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள், யார் எவர் என்று வெள்ளைக்காரனுக்குக் கடைசிவரை தெரியாது. நீர் மலையடிவாரத்து வயல்காரர், நான் பாளையங்கோட்டை டவுன்காரன். "உமக்கு நெல்லு எந்த மரத்துல காய்க்குன்னு தெரியுமாவே?" என்று முதல் நாளே என்னைக் கிண்டல் செய்தீர். அன்றிலிருந்து ஒரே அறை, ஒரே சட்டி.

அந்த முதலாளி, நாம் எல்லோரும் அர்பாப் என்று சொல்வோமே, அவர் ஒரு கோடைக்கு ஸ்பெயின் போய்வந்தார். கிரானடாவுக்குத் தெற்கே மலைச்சரிவில் படிப்படியாக இறங்கும் ஒரு வெள்ளை ஊரைப் பார்த்து மனசைப் பறிகொடுத்து வந்தார். ஃபுஜைரா பக்கம் அவருக்கு ஒரு மலைச்சரிவு இருந்தது. அதே ஊரை அங்கே கட்டி, கோடைக்கு விருந்தாளிகளைத் தங்கவைக்க வேண்டும் என்றார். போட்டோ போதாது, அளவு வேண்டும் என்றார் நம் ஆபீஸ் சீஃப் இன்ஜினியர். ஐரோப்பாவிலேயே ஆள் பிடித்தால் செலவு என்று நம் இருவரையும் அனுப்பினார். ஐரோப்பாவின் ஊரை அளக்க, அரபு நாட்டிலிருந்து இரண்டு திருநெல்வேலிக்காரர்கள்! ஏர்ப்போர்ட்டில், நிலம் அளக்கும் தியோடலைட் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, "என்னத்துக்குவே பயப்படுதீரு, மலைன்னா மலைதான், குத்தாலத்துக்குப் போற மாதிரி வாரும்" என்றீர்.

முதல் இரண்டு நாள் ஒரு கதவும் திறக்கவில்லை, ஞாபகம் இருக்கிறதா? பஸ்ஸை விட்டு நாம் இறங்கியதும் ஊரே அடைத்துக்கொண்டது. கறுப்புப் பாவாடை கட்டிய பெண்கள் மாடத்திலிருந்து பார்த்துவிட்டு உள்ளே போனார்கள். அளவு நாடாவைப் பிடித்த ஆளைக் கண்டால் அந்த ஊருக்குக் குலைநடுங்கும் என்று பிறகுதான் தெரிந்தது. அணை கட்டி ஊரை மூழ்கடிக்கப் போகிறார்கள், அதற்கு அளக்க வந்த அரசாங்க ஆட்கள் என்று நம்மை நினைத்திருக்கிறார்கள். நான் லாட்ஜில் உட்கார்ந்து, வேலை முடியாமல் போனால் சீஃப் என்ன சொல்வார் என்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன். நீர் வாய்க்காலைப் பார்க்கப் போனீர்.

மலையின் மேலேயிருந்து பனி உருகிய தண்ணீர் ஒரு சின்ன வாய்க்காலில் ஊருக்குள் வரும். வீட்டுக்கு வீடு, தோட்டத்துக்குத் தோட்டம் முறை வைத்து மடை திறப்பார்கள். மூன்றாம் நாள் காலையில் அங்கே ஒரு சண்டை. நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண், கையில் மண்வெட்டி, எதிரே மீசை வைத்த ஒருவன். அவளுடைய முறை முடியும் முன்னால் அவன் தன் மடையைத் திறந்துவிட்டான். எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. உமக்கு எல்லாம் புரிந்தது. நேராக வாய்க்காலில் இறங்கி, ஒரு கல்லும் இரண்டு கை புல்மண்ணுமாக அவன் மடையை அடைத்துவிட்டு, மேலே ஏறிவந்து பேன்ட்டில் கையைத் துடைத்துக்கொண்டீர். மீசைக்காரன் ஒரு அடி பின்வாங்கினான். அந்தப் பெண் உம்மை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"எப்படிவே தெரிஞ்சுது, அவ முறைன்னு?" என்று கேட்டேன்.

"அவ தோட்டத்துல பாதிதான் நனைஞ்சிருக்கு. இதுக்குப் பாஷை வேற தெரியணுமா? எங்க ஊர்ல இதுக்கு மண்டையே உடைஞ்சிருக்கும்."

அதற்குப் பிறகு எந்த வீட்டுக் கதவையும் நாம் தட்ட வேண்டியிருக்கவில்லை. மண்வெட்டிக்காரியே நமக்கு முன்னால் போய் ஒவ்வொரு வீடாகத் திறந்துவிட்டாள். மொட்டைமாடியில் களிமண்ணை எப்படித் தட்டுகிறார்கள், தெருவின் மேலேயே அறை கட்டி நிழலுக்கு எப்படி வழி செய்திருக்கிறார்கள், எல்லாம் அளந்தோம். உலர்ந்த அத்திப்பழம் தந்தார்கள். இறைச்சி வைத்தபோது, ஹலாலோ இல்லையோ என்று நீர் நெஞ்சில் கைவைத்து மறுத்தீர், நானும் மறுத்தேன். நமக்கென்று முட்டை பொரித்தார்கள். பதினோரு நாளில் நாம் அந்த ஊரின் பிள்ளைகள் ஆகிவிட்டோம்.

கடைசி நாள் பள்ளிக்கூட டீச்சர் வந்தாள். அந்த ஊரில் கொஞ்சம் இங்கிலீஷ் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். எதற்கு அளக்கிறீர்கள் என்று ஊர் கேட்கிறது என்றாள். இதே ஊரை அரபு நாட்டு மலையில் கட்டப்போகிறார்கள் என்று சொன்னோம். அவள் மொழிபெயர்த்ததும் எல்லோரும் சிரித்தார்கள், மண்வெட்டிக்காரியைத் தவிர. அவள் ஒரு கேள்வி கேட்டாள். அங்கே தண்ணீர் முறை யாருக்கு?

நான் சிரித்து வைத்தேன். நீர் சிரிக்கவில்லை. "பாத்துட்டு எழுதுதேன்னு சொல்லுங்க டீச்சர்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு, பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டு இங்கிலீஷில் சொன்னீர். டீச்சர் விலாசத்தை எழுதிக் கொடுத்தாள். நீர் அதை அளவுப் புத்தகத்தின் அட்டைக்குள் செருகிக்கொண்டீர்.

திரும்பி வந்த கையோடு உம்மை ஃபுஜைரா சைட்டுக்கு அனுப்பினார்கள். முதலாளியின் சரிவை அளந்து வர வேண்டும், அவ்வளவுதான் வேலை. ஐந்தாம் நாள் அறைக்கு வந்தீர். மூக்கெல்லாம் தோல் உரிந்திருந்தது. சட்டையைக் கழற்றும் முன்பே பேச ஆரம்பித்தீர்.

"அங்கன ஒரு ஊரே இருக்குவே! நம்ம சரிவுக்குக் கீழ. பேரீச்ச மரம், எலுமிச்ச, சோளம், எல்லாம் இருக்கு. மேல மலைக்குள்ள தோண்டி அங்கயிருந்து வாய்க்கால் எடுத்திருக்காவ. நம்ம சரிவுக்கு நட்டநடுவுல வருது. ஃபலஜ்னு சொல்லுதாவ. தண்ணி முறை எப்படி வைக்காவ தெரியுமா? ஒரு கம்ப நட்டு, அதோட நிழல் எந்தக் கல்லுல விழுதோ அந்தக் குடும்பத்துக்கு முறை. கடியாரம் பிச்ச வாங்கணும். ஸ்பெயின்காரி கேட்டாள்ளா, அவளுக்குப் பதில் கெடச்சாச்சு."

அன்று சோறு ஆறியதுகூடத் தெரியாமல் பேசினீர். அந்த ஊரில் நம் வயதுக்காரன் ஒருவன் உமக்குக் கூட்டாளி ஆகியிருந்தான். அவனோடு தவழ்ந்து மலைச் சுரங்கத்துக்குள்ளேயே போய்வந்ததாகச் சொன்னீர். வாய்க்காலின் ஒவ்வொரு வளைவையும் அளந்திருந்தீர். ஸ்பெயினை அளந்ததைவிட அதிகக் கவனத்தோடு அளந்திருந்தீர். உம் புத்தகத்திலிருந்து அதை நான் தாளில் ஏற்றினேன். சரிவின் குறுக்கே நெளிந்து போகும் அந்தக் கோட்டைப் போடும்போது எனக்கே ஆசையாக இருந்தது.

சீஃப் தாளைப் பார்த்தார். விரலை வைத்து "இது என்ன?" என்றார். வாய்க்கால் என்றேன். "யார் கேட்டது? எடுத்துவிடு" என்றார்.

அவருடைய கணக்கு எனக்குப் பிறகுதான் விளங்கியது. அந்தச் சரிவின் தலையில் ஆழ்துளைக் கிணறு தோண்டி, டீசல் பம்பு வைத்தால்தான் நீச்சல்குளம், தோட்டம், எல்லாம். வாய்க்கால் தாளில் இருந்தால் அனுமதி கொடுக்கும் ஆள் கேட்பான், இந்தத் தண்ணீர் யாருடையது, அவர்கள் சம்மதம் எங்கே என்று. தாளில் இல்லையென்றால் கேள்வியே இல்லை. மலையில் இருப்பது யாருக்கு வேண்டும்? தாளில் இருப்பதுதான் உண்டு. எவ்வளவு சுலபம் பாரும்! ஒரு ஊரை அழிக்க புல்டோசர்கூட வேண்டியதில்லை.

நான் தயங்கி நின்றேன். அவர் மேஜை டிராயரை இழுத்து ஒரு காகிதத்தை எடுத்துக் காட்டினார். என் மனைவிக்கும் கைக்குழந்தைக்கும் விசாவுக்கு நான் கொடுத்திருந்த மனு. "இது இன்னும் என்னிடம்தான் இருக்கிறது" என்றார், அவ்வளவுதான். குரலைக்கூட உயர்த்தவில்லை.

மத்தியானம் ஒரு மணிக்கு ஆபீஸ் அடைத்து நாலு மணிக்குத் திறக்கும் காலம் அது. எல்லோரும் சாப்பிட்டுத் தூங்கப் போனார்கள். நான் போகவில்லை. டிரேசிங் தாளில் ஏறிய மையை ரப்பரால் அழிக்க முடியாது, உமக்குத் தெரியும். ஷேவிங் பிளேடை இரண்டாக ஒடித்து, தாள் ஓட்டையாகாமல், மேல்தோலை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்ட வேண்டும். இடது கையால் தாளை அழுத்திப் பிடித்துக்கொண்டு மலையடியிலிருந்து தொடங்கினேன். ஒவ்வொரு வளைவாக மேலே ஏறினேன். சுரங்க வாய்க்குப் போய்ச் சேர முக்கால் மணி நேரம் ஆயிற்று. மேஜையில் கறுப்புத் தூள். அதை ஊதிவிட்டு முகம் கழுவப் போனேன்.

மறுநாள் காலை 'அளந்தவர்' என்ற கட்டத்தில் கையெழுத்துப் போட உம்மை அழைத்தார்கள். நீர் தாளை இரண்டு கையாலும் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தீர். சுரண்டிய இடம் வெளிச்சத்தில் பளிச்சென்று தெரியும். கொஞ்ச நேரம் பார்த்தீர். பிறகு என் பக்கம் திரும்பி, "நல்லா சுரண்டியிருக்கீருவே. ஒரு பிசிறு இல்ல" என்றீர்.

கோபமே இல்லாமல் சொன்னீர். வேலையைப் பாராட்டும் குரலில் சொன்னீர். அதற்காகத்தான் உம்மை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. ஓங்கி ஒரு அறை விட்டிருக்கலாம். பச்சை பச்சையாகத் திட்டியிருக்கலாம். அப்படிச் செய்திருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், என் பெண்டாட்டி பிள்ளை என்று அழுதிருப்பேன், இரண்டு நாளில் எல்லாம் ஆறியிருக்கும். ஆறுவதற்கு நீர் வழியே விடவில்லை.

சீஃப்பின் முன்னால் தாளை வைத்தீர். "நான் நடந்த வாய்க்கால, நடக்கலன்னு எழுதிக் குடுக்க முடியாது சார்" என்று உமக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னீர். அவர் ஏதேதோ சொன்னார். நீர் அதே வாக்கியத்தை மறுபடியும் சொன்னீர், தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனீர். அன்று மாலையே கலாஸ், வேலை போயிற்று. பத்து நாளில் உமக்கு டிக்கெட். ஆபீசில் பதினாலு பேர் இருந்தோம், ஒருவரும் எழுந்து நிற்கவில்லை. நானும் எழுந்து நிற்கவில்லை.

கிளம்பும் அன்று நீர்தான் சமைத்தீர், ஆட்டுக்கறிக் குழம்பு. எனக்குப் பிடித்த நெஞ்செலும்பைப் பொறுக்கி என் தட்டில் வைத்தீர். "வீட்டுக்காரி வந்ததும் இந்த மசாலா டப்பாவ அவகிட்ட குடும்" என்றீர். இப்படியா ஒரு மனுஷன் இருப்பான்? நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். நீர் இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டு சாப்பிட்டீர்.

என் குடும்பம் அடுத்த மாதம் வந்து சேர்ந்தது. சரிவின் தலையில் கிணறு தோண்டிய பிறகு, கீழே இருந்த அந்த ஊருக்குத் தண்ணீர் இரண்டு கோடைதான் தாங்கியது. அப்புறம் வாய்க்கால் வறண்டது, பேரீச்ச மரங்கள் மொட்டையாயின, ஜனங்களை சமவெளியில் வரிசை வீடுகளுக்குக் கொண்டுபோனார்கள் என்று சைட் டிரைவர் சொன்னான். பெருநாளுக்குப் பெருநாள் நீர் ஊரிலிருந்து எனக்குக் கடிதம் போடுவீர். நிலம் அளக்கிறேன், மகளுக்குக் கல்யாணம், குளம் நிறைந்தது. வாய்க்காலைப் பற்றி ஒரு வரி கிடையாது. ஸ்பெயினுக்கு நீர் எழுதினீரா, எழுதினால் என்ன எழுதினீர் என்று கேட்க எனக்கு நாற்பத்தைந்து வருஷமாகத் தைரியம் வரவில்லை. இனிக் கேட்டும் பயனில்லை.

நேற்று நான் கத்தியது எதற்கென்று சொல்கிறேன். அந்தப் பொய் ஊரின் நடுவில் ஒரு சிமென்ட் வாய்க்கால் ஓடுகிறது. பம்பு வைத்துத் தண்ணீரைச் சுற்றவிடுகிறார்கள், ஓரத்தில் நின்று போட்டோ எடுக்கிறார்கள். சுற்றிக்காட்ட வந்த பையன் மலையாளி, நல்ல மாதிரி. இதற்கு முன்னால் இந்த மலையில் எதுவுமே இல்லை, வெறும் பாறைதான் என்றான். "பொய் சொல்லாத! இங்க வாய்க்கால் இருந்துது, ஊர் இருந்துது!" என்று கத்தினேன். அவன் பயந்துபோனான். பிறகு மரியாதையாக, "இல்ல சார், ஒரிஜினல் சர்வே எங்ககிட்ட இருக்கு, வந்து பாருங்க" என்று ரிசப்ஷனுக்குக் கூட்டிப் போனான்.

கண்ணாடி போட்டு, தங்கச் சட்டம் அடித்து, விளக்கு வைத்து மாட்டியிருக்கிறார்கள். என் தாள்! என் கையெழுத்து, என் எழுத்துரு, மூலையில் என் வடக்கு அம்பு. 'அளந்தவர்' கட்டத்தில் சீஃப்பின் கிறுக்கல். அந்த மலையில் ஒரு அடிகூட நடக்காதவன். தாள் பழுப்பேறியிருக்கிறது. ஆனால் சுரண்டிய இடம் மட்டும் அழுக்கை வாங்கிக்கொண்டு, மேலேயிருந்து கீழே வரை, கறுப்பாக நெளிந்து கிடக்கிறது. பையன் அதைக் காட்டி, "பழைய தாள் சார், அதான் கறை" என்றான்.

வரைபடங்களின் வலது ஓரத்தில் திருத்தப் பட்டியல் என்று ஒன்று போடுவோம் அல்லவா. எந்தக் கோட்டை மாற்றினாலும், யார் மாற்றினார், ஏன் மாற்றினார் என்று அதில் ஒரு வரி எழுதியாக வேண்டும். தொழிலில் நுழைந்த முதல் நாளே கற்றுக்கொடுப்பார்கள். என் தாளில் அந்தப் பட்டியல் காலியாக இருந்தது. நான் கோட்டை மட்டும் சுரண்டவில்லை, சுரண்டியதையும் மறைத்திருக்கிறேன்.

இன்று காலை பேத்தியின் படம் வரையும் தாளை எடுத்து, சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து அந்தச் சரிவைப் போட்டேன். இத்தனை வருஷம் கழித்தும் வாய்க்கால் தடுமாறவில்லை. வரைந்த கோடு மறந்துபோகும், முக்கால் மணி நேரம் சுரண்டிய கோடு மறக்குமா? எல்லா வளைவும் வந்தது. 'அளந்தவர்' கட்டத்தில் உம் பெயரை, உம் வாப்பா பெயரோடு முழுதாக எழுதினேன். திருத்தப் பட்டியலில் எழுதினேன்: வாய்க்கால் நீக்கப்பட்டது. நீக்கியவன் நான். காரணம், குடும்ப விசா.

மகன் காபியோடு வந்து நின்று படித்தான். அந்த விசாவில் வந்த கைக்குழந்தை அவன்தான். இந்த மண்ணில் படித்து, இந்த மண்ணில் சம்பாதித்து, இங்கேயே வீடு வைத்திருப்பவன். என்னப்பா இது என்றான். எல்லாவற்றையும் சொன்னேன். அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தான்.

"அந்த ஊர்ல எத்தனை பேர்ப்பா இருந்தாங்க?" என்று கேட்டான்.

எனக்குத் தெரியவில்லை. ஸ்பெயின் ஊரில் எத்தனை வீடு, எத்தனை ஜன்னல், எத்தனை படிக்கட்டு என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். இரண்டு மணி நேரத் தூரத்தில் இருந்த அந்த ஊருக்கு நான் ஒருநாளும் போனதில்லை. நீர் எண்ணியிருப்பீர். நிழல் விழும் கல் ஒவ்வொன்றும் யாருடையது என்று பெயர் சொல்லிச் சொல்லியிருப்பீர். நான் உம்மைக் கேட்கவே இல்லை. மகன் இன்னும் பதிலுக்குக் காத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருக்கிறான்.